புழுவெட்டு வந்துவிட்டதா? முதல் ஒரு வருடத்துக்கான வழிகாட்டி

பெரும்பாலும் அதை முதலில் பார்ப்பவர் நோயாளியாக இருப்பதில்லை. முடி வெட்டும்போது சலூன்காரர் சொல்வார். தலை பின்னிவிடும்போது அம்மா சொல்வார். தாடியில் வந்தால் மட்டும் சவரம் செய்யும்போது நாமே பார்த்துவிடுவோம். வட்டமாக, ரூபாய்க் காசளவில், வழுவழுவென்று ஓர் இடம். வலி இல்லை, செதில் இல்லை, அரிப்பும் அநேகமாக இல்லை. அன்று மாலைக்குள் வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிடுவார்கள். சின்ன வெங்காயத்தைத் தேய், ஆற்றுத்தும்மட்டிக் காயைத் தேய், எலுமிச்சை விதையையும் மிளகையும் அரைத்துப் பூசு என்று. கைப்பேசியைத் திறந்தால் இன்னும் நூறு.

அந்த முதல் நாளில் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருக்கலாம், உங்கள் பிள்ளைக்கு வந்திருக்கலாம். எந்த வரிசையில் எதைச் செய்வது, எதை அறவே செய்யக் கூடாது, எந்தக் கட்டத்தில் பணம் செலவழிப்பதில் பொருள் இருக்கிறது என்பதையெல்லாம் முடிந்தவரை தெளிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புழுவோ பூச்சியோ முடியைத் தின்பதால் புழுவெட்டு வருவதில்லை. மருத்துவர்கள் இதை அலோபேசியா ஏரியேட்டா என்று எழுதுவார்கள். கிருமிகளைத் தாக்க வேண்டிய வெள்ளையணுக்களில் ஒரு வகை, மயிர்க்காலின் அடிப்பகுதியை அயலானாக எண்ணிச் சூழ்ந்துகொள்கிறது. அந்தத் தாக்குதலில் முடி மெலிந்து முறிந்து உதிர்கிறது. மயிர்க்கால் மட்டும் அழிவதில்லை. வேலையை நிறுத்திவிட்டு அப்படியே இருக்கிறது. தாக்குதல் ஓய்ந்தால் அதே இடத்தில் முடி மறுபடி முளைக்கும், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்தும்கூட. புதிதாக வரும் முடி முதலில் வெள்ளையாகவோ பூனைமுடி போல மெல்லியதாகவோ இருக்கலாம். பெரும்பாலும் பிறகு கறுத்துவிடும். அந்த வெள்ளை முடியைப் பார்த்துப் பதற வேண்டாம். அது வளர்ச்சியின் அடையாளம்.

நூறு பேரை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் ஏறத்தாழ 2 பேருக்கு இது வருகிறது. குழந்தைகள், இளைஞர்கள், முதியோர் என்று எவருக்கும் வரலாம், ஆனாலும் 40 வயதுக்கு முன் தொடங்குவதுதான் அதிகம். குடும்பத்தில் சிலருக்கு இருப்பதுண்டு. தைராய்டு கோளாறு, வெண்புள்ளி, ஒவ்வாமைத் தோல் அரிப்பு ஆகியவை இருப்பவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. சீப்பு, தலையணை, ஹெல்மெட் எதன் வழியாகவும் பரவாது. எண்ணெய் வைக்காததாலும், ஷாம்பு மாற்றியதாலும், உப்புத் தண்ணீரில் குளித்ததாலும் வருவதில்லை. 'நீ கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாய், அதனால்தான் கொட்டிவிட்டது' என்று யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். நோயோடு சேர்த்துப் பழியையும் சுமக்க வைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

எதையும் பூசுவதற்கு முன் படம் எடுங்கள்

பகல் வெளிச்சத்தில், தலையின் மேற்புறம், பின்புறம், இரு பக்கங்கள் என நான்கு படங்கள். வட்டத்தின் அருகே ஒரு அளவுகோலை வைத்து இன்னொரு படம். தேதி தெரியும்படி சேமித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்கு வளர்ச்சியும் தெரியாது, தேய்வும் தெரியாது.

மருத்துவர்களும் இதே நான்கு பக்கங்களைக் கொண்டுதான் நோயின் அளவைக் கணக்கிடுகிறார்கள். தலையின் மேற்புறத்துக்கு 40, பின்புறத்துக்கு 24, ஒவ்வொரு பக்கத்துக்கும் 18, ஆக மொத்தம் 100. ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இழப்பு என்று பார்த்துக் கூட்டினால் வருவது 'சால்ட்' மதிப்பெண். பின்னால் வரும் சிகிச்சை முடிவுகள் பலவும் இந்த ஒற்றை எண்ணைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால், அதன் பெயரையாவது நினைவில் வைத்திருங்கள்.

அது புழுவெட்டுதானா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வட்டமாக முடி போகும் நோய்கள் பல இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

குழந்தைகளிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது தலையில் வரும் படர்தாமரை. இது பூஞ்சைத் தொற்று, ஒட்டக்கூடியது. வட்டத்தில் செதில் இருக்கும், அரிப்பு இருக்கும், முடிகள் வேரோடு உதிராமல் தோல் மட்டத்தில் ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரியும். சில குழந்தைகளுக்குச் சீழ் கோத்து, வீங்கி, கழுத்தில் நெறி கட்டும். புழுவெட்டு என்று நினைத்து இதன்மேல் ஸ்டீராய்டு களிம்பு தடவினால் பூஞ்சை கொழுத்துப் பரவும். வெளிப்பூச்சு மட்டும் இதற்குப் போதாது. பூஞ்சை முடித்தண்டுக்கு உள்ளேயே இருப்பதால் கிரைசியோஃபுல்வின், டெர்பினாஃபின் போன்ற மருந்தை வாரக்கணக்கில் வாய்வழி எடுக்க வேண்டும். சுரண்டி எடுத்த செதிலில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பல நேரங்களில் சில நிமிடங்களிலேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, தழும்பு விட்டுப்போகும் வகைகள். நம் ஊரில் இதில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பது டிஸ்காய்டு லூபஸ். வட்டத்தின் தோல் கன்றிச் சிவந்து அல்லது கறுத்து, ஒட்டிய செதிலோடு, நடுவில் வெளுத்து, குழிந்து காணப்படும். உற்றுப் பார்த்தால் முடி முளைக்கும் துளைகளே அங்கே இருக்காது. லைக்கன் பிளேனோபிலாரிஸ் என்ற இன்னொரு நோயும் இப்படித்தான் மயிர்க்காலையே அழித்துவிடும். அழிந்த இடத்தில் முடி திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. எனவே எரிச்சல், வலி, செதில், தோல் நிற மாற்றம், மறைந்துபோன துளைகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

இறுக்கிப் பின்னுவதாலும் கொண்டை போடுவதாலும் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி குறையும். சிலர் தம்மை அறியாமலே முடியைப் பிடுங்குவார்கள். அங்கே பல நீளங்களில் ஒடிந்த முடிகள் இருக்கும். பூச்சி அரித்ததுபோல் சிறு சிறு திட்டுகள் தலை முழுக்கத் தெரிந்தால் மேகநோய் எனப்படும் சிஃபிலிஸுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். புருவத்தின் வெளியோரம் உதிர்ந்து, உடலில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய தேமலும் இருந்தால் தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும். அதற்கு முழுமையான மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

வட்டமே இல்லாமல் தலை முழுக்கச் சீராகக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு கதை. டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ இரண்டு மூன்று மாதங்கள் கழித்து இப்படி நடக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது எல்லோருக்கும் இயல்பு.

மருந்துக்கடைக்கு அல்ல, தோல் மருத்துவரிடம்

கடையில் காட்டி ஒரு ட்யூப் வாங்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்புகள் நம் நாட்டில் செய்திருக்கும் கேடு கொஞ்சமல்ல. படர்தாமரை எளிதில் ஆறாத தொல்லையாக மாறியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. கேட்காமல் இருப்பது நம் கையில்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு நேரே போகலாம். பலகையில் 'தோல், பால்வினை, தொழுநோய்' என்று மூன்றும் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மூன்றும் ஒரே படிப்பு, ஒரே துறை, அவ்வளவுதான்.

போகும் முன் இரண்டு நாட்களுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் செதிலும் துளையும் தெரியாது. இதுவரை பூசியவை, உண்டவை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாட்டு மருந்தும் அதில் அடங்கும். முடிக்காகப் பலரும் வாங்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பொய்யாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனைகூடத் தப்பாகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற சிறு உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பார். புழுவெட்டில் வட்டத்தின் ஓரத்தில் ஆச்சரியக்குறி வடிவ முடிகள் இருக்கும். நுனி தடித்து, வேர்ப்பக்கம் மெலிந்திருக்கும். மஞ்சள் புள்ளிகளும் கரும்புள்ளிகளும் தெரியும். ஓரத்து முடிகளை மெல்ல இழுத்துப் பார்ப்பார். எளிதாகக் கையோடு வந்தால் நோய் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கை நகங்களையும் பார்ப்பார். நகத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகளோ சொரசொரப்போ இருந்தால் நோய் சற்றுப் பிடிவாதமாக இருக்கக்கூடும். பெரும்பாலோருக்கு இவ்வளவே போதும். சந்தேகம் இருந்தால் மட்டும் சிறு தோல் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். நீண்ட இரத்தப் பரிசோதனைப் பட்டியல் எல்லோருக்கும் தேவையில்லை. தைராய்டுக்கான அறிகுறி இருந்தால் அதைப் பார்ப்பார்கள். சோர்வும் மூச்சிரைப்பும் இருந்தால் இரத்தசோகைக்குப் பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது தழும்பு விடும் வகையா, விடாத வகையா? இப்போது பரவும் நிலையில் இருக்கிறதா? சிகிச்சை எடுக்காமல் மூன்று மாதம் காத்திருந்தால் எனக்கு என்ன நட்டம்? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். கேட்டாக வேண்டிய கேள்வி அதுதான்.

ஓரிரு வட்டங்கள் மட்டும் என்றால்

சிறு வட்டங்கள் ஒன்றிரண்டு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் எதுவும் செய்யாமலே முடி வளர்ந்துவிடுகிறது. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். இந்த நோய்க்கு எதைப் பூசினாலும் பாதிப் பேருக்குப் 'பலித்துவிடும்'. வெங்காயம் தேய்த்தவர் வெங்காயத்தைப் புகழ்வார், மந்திரித்தவர் மந்திரத்தைப் புகழ்வார், விலை உயர்ந்த சீரம் வாங்கியவர் சீரத்தைப் புகழ்வார். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. முடி உண்மையிலேயே வந்தது. அந்தப் பொருளால்தான் வந்ததா என்பதை மட்டும் ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு சொல்ல முடியாது. இணையத்தில் காணும் முன்-பின் படங்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

வெங்காயச் சாற்றுக்கு ஓர் ஆய்வு இருப்பது உண்மை. ஈராக்கைச் சேர்ந்த மருத்துவர்கள் 2002இல் வெளியிட்டது. சாறு தடவியவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் தடவியவர்களைவிட அதிகமாக முடி வளர்ந்ததாக அதில் எழுதியிருக்கிறார்கள். மிகச் சிறிய ஆய்வு அது. வெங்காய வாடையை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது என்பதால், யார் எதைப் பூசினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு சிகிச்சையை நிலைநாட்ட அது போதாது. சின்ன வெங்காயம் தடவியே ஆக வேண்டும் என்றால், தோல் எரியாதவரை பெரிய தீங்கு இல்லை. பூண்டு, மிளகு, ஆற்றுத்தும்மட்டி ஆகியவற்றை அழுத்தித் தேய்ப்பதுதான் ஆபத்து. தோல் கொப்பளித்துப் புண்ணாகி, புண் ஆழமாகித் தழும்பு விழுந்தால், தானாக முளைத்திருக்க வேண்டிய முடியும் அங்கே முளைக்காது. குழந்தைகளின் தலையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அப்படியானால் வெறுமனே காத்திருக்கலாமா? ஒரே வட்டம், சிறியது, பரவவில்லை, உங்களுக்கும் அது பெரிய மனவருத்தம் தரவில்லை என்றால் காத்திருப்பது முழுக்க நியாயமான முடிவு. மாதந்தோறும் படம் எடுத்துக்கொண்டே இருங்கள்.

காத்திருக்க மனமில்லாத பெரியவர்களுக்கு மருத்துவர் முதலில் சொல்லக்கூடியது ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. மிக மெல்லிய ஊசியால், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, வட்டத்துக்குள் பல புள்ளிகளில் துளித்துளியாகச் செலுத்துவார்கள். வலிக்கும், ஆனால் தாங்கக்கூடிய வலி. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு மாதங்களில் புள்ளி புள்ளியாக முடி முளைப்பதைப் பார்க்கலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் சிறிது பள்ளமாகலாம். பெரும்பாலும் பிறகு நிமிர்ந்துவிடும். ஆறு மாதம் போட்டும் அசைவே இல்லை என்றால் தொடர்வதில் பயன் இல்லை, நிறுத்திவிட்டு வேறு வழியைப் பேசுங்கள். சிறு குழந்தைகளுக்கு ஊசி பொதுவாக வேண்டாம். அவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு களிம்போ லோஷனோ தருவார்கள். முடி வளரத் தலையில் பூசும் மினாக்சிடில் துணை மருந்து மட்டுமே. தனியாக அது புழுவெட்டை அடக்காது.

அரைத் தலைக்கு மேல் போய்விட்டால்

இங்கே கணக்கு தலைகீழாகிறது. பரவலாகப் போன முடி தானாகத் திரும்பும் வாய்ப்பு குறைவு. சிறு வயதிலேயே தொடங்கியது, பிடரியிலும் காதோரங்களிலும் பட்டையாகப் போவது, நகங்கள் பாதிக்கப்பட்டிருப்பது, பல ஆண்டுகளாக நீடிப்பது ஆகியவையும் கடினமான போக்கின் அடையாளங்கள். இவர்களிடம் போய்ப் பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்வது சரியாகாது.

பழைய வழிகள் இரண்டு. வாய்வழி ஸ்டீராய்டு, குறிப்பாக வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொடுக்கும் முறை, இந்தியாவில் பரவலாக உண்டு. முடி வரும், நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டிவிடும். சர்க்கரை, எலும்புத் தேய்வு, எடை ஏற்றம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்னொன்று, டைஃபென்சிப்ரோன் போன்ற ஒவ்வாமை ஊட்டும் பொருளை வாரந்தோறும் தலையில் தடவி, வேண்டுமென்றே லேசான அரிப்பை உண்டாக்கி, நோய் எதிர்ப்பு செல்களின் கவனத்தைத் திருப்பும் முறை. பழகிய மருத்துவமனைகளில் மட்டுமே செய்துகொள்ள வேண்டியது.

புதிய வழி எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இந்த நோய்க்கு ஆராய்ச்சி உண்மையில் கைகொடுத்த இடம் அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர் ஏஞ்சலா கிறிஸ்டியானோவுக்கே புழுவெட்டு உண்டு. அவருடைய குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. முதல் வகை நீரிழிவு, முடக்குவாதம், கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் என்ற குடல் நோய் ஆகியவற்றோடு புழுவெட்டுக்கு மரபணு உறவு இருப்பது அதில் தெரிந்தது. தாக்கும் செல்களை எந்தக் குறிப்பு கூப்பிடுகிறது என்பதற்கும் தடயம் கிடைத்தது. அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்து 2014இல், செல்களுக்குள் அந்த அழைப்பைக் கடத்தும் ஜேக் எனப்படும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் எலிகளில் நோயைத் திருப்புவதைக் காட்டினார்கள். அந்த வகையைச் சேர்ந்த, இரத்த நோய்க்கான ரக்சோலிட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்த மூன்று நோயாளிகளுக்கு மாதங்களுக்குள் முடி வளர்ந்தது. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் பிரெட் கிங், உடல் முழுக்க முடி இழந்திருந்த 25 வயது இளைஞருக்கு அதே ஜேக் வகையைச் சேர்ந்த முடக்குவாத மருந்தான டோஃபாசிட்டினிப் கொடுத்தார். எட்டு மாதங்களில் தலை, புருவம், இமை எல்லாம் திரும்பின.

மூன்று நான்கு பேருக்குப் பலித்ததை வைத்து அவர்கள் நின்றுவிடவில்லை. வெங்காயக் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. இன்னொரு ஜேக் மருந்தான பாரிசிட்டினிப் மாத்திரையை, குறைந்தது பாதித் தலைமுடி இழந்த 1,200 பேரிடம் இரண்டு பெரிய சோதனைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முதல் சோதனையில் 36 வாரங்களுக்குப் பிறகு, தலையில் 80 சதவீதமாவது முடி நிறைந்தவர்கள் 4 மில்லிகிராம் எடுத்த குழுவில் நூற்றுக்கு 39 பேர், 2 மில்லிகிராமில் 23 பேர், வெற்று மாத்திரையில் 6 பேர். கடைசி எண்ணைக் கவனியுங்கள். கடுமையான நிலையில் தானாக வளர்வது இவ்வளவு அரிது. 2022 ஜூனில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. புழுவெட்டுக்கென்று அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் உள்மருந்து அதுதான். 12 வயது முதலே கொடுக்கக்கூடிய ரிட்லெசிட்டினிப் என்ற ஜேக் மருந்து 2023இல் வந்தது, டியூருக்சோலிட்டினிப் என்ற இன்னொன்று 2024இல் வந்தது.

அதே எண்களை மறுபக்கமும் படியுங்கள். 4 மில்லிகிராம் எடுத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த இலக்கை எட்டவில்லை. நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. இந்த வகை மருந்துகளுக்குத் தீவிரத் தொற்று, இரத்தக்கட்டி, மாரடைப்பு, புற்றுநோய் ஆகியவை பற்றிய கடுமையான எச்சரிக்கை உண்டு. அந்த எச்சரிக்கை, 50 வயதைத் தாண்டி இதய நோய்க்கான ஆபத்தும் இருந்த முடக்குவாத நோயாளிகளிடம் டோஃபாசிட்டினிப் கொடுத்துச் செய்த ஆய்விலிருந்து பெரிதும் வந்தது. 25 வயது ஆரோக்கியமானவருக்கு அதே அளவு ஆபத்து என்று சொல்ல முடியாது, ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. காசநோய்க் கிருமி உடலுக்குள் உறங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்தியாவில் ஏராளம். இந்த மருந்து அதை எழுப்பிவிடலாம். மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான தோல் அல்லது இரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி., இரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் ஜேக் மாத்திரை எழுதித் தருபவரிடம் தொடராதீர்கள். டோஃபாசிட்டினிப் மலிவாகக் கிடைக்கிறது என்று கடையில் வாங்கி விழுங்குவது மிகப் பெரிய தவறு. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விற்பவர்களும் ஆய்வாளர்களும்

புழுவெட்டு இன்னும் பரவும் நிலையில் இருக்கும்போது முடி நடவு செய்துகொள்வதில் பொருள் இல்லை. நட்ட முடியையும் அதே வெள்ளையணுக்கள் தாக்கும். சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா ஊசியை இப்போது பலரும் தொகுப்பாக விற்கிறார்கள். புழுவெட்டில் அதற்கான சான்று உறுதியாக இல்லை. 'நூறு சதவீத உத்தரவாதம்' என்று எழுதியிருக்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

ஆய்வில் சேர அழைப்பு வந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. இந்தியாவில் மருந்து ஆய்வுகள் தொடங்கும் முன்பே தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் சரிபாருங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, ஒப்புதல் படிவம் தமிழில் கிடைக்கிறதா, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு, நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்றாடம்

முடி போன தலைத்தோல் வெயிலில் எளிதில் எரியும். தொப்பி, துண்டு, சன்ஸ்கிரீன் எதுவானாலும் சரி. இமை முடி போனவர்களுக்குத் தூசும் வியர்வையும் நேராகக் கண்ணில் விழும், வெறும் கண்ணாடி அணிந்தாலே பாதித் தொல்லை தீரும். மூக்கு முடி உதிர்ந்தால் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும், அது சளி அல்ல. விக் வாங்குபவர்கள் நம் வெக்கைக்கு ஏற்ற, காற்றுப் புகும் அடித்துணி கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் முதல் வாரமே பேசிவிடுங்கள். ஒட்டாத நோய் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு வரிச் சீட்டு கையில் இருந்தால் தொப்பி அணியவும், தனியே உட்கார வைக்காமல் இருக்கவும் உதவும். பிள்ளையின் முன்னால் உறவினர்கள் தலையைத் தடவிப் பார்ப்பதையும் உச்சுக் கொட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கடிந்து சொல்ல நேர்ந்தாலும் பரவாயில்லை. பள்ளிக்குப் போக மறுப்பது, தூக்கம் கெடுவது, யாரையும் பார்க்க விரும்பாமல் இருப்பது ஆகியவை தொடர்ந்தால் மனநல மருத்துவரின் உதவியும் சிகிச்சையின் பகுதிதான், பெரியவர்களுக்கும் அப்படியே. திருமணப் பேச்சில் இதை ஒரு குற்றம்போல மறைக்க வைக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரெஸ்லி 2020 ஜனவரியில் தன் முடியற்ற தலையைக் காட்டி, தனக்கு இந்த நோய் இருப்பதைக் காணொளியில் வெளிப்படையாகச் சொன்னார். மருந்து எதையும் எடுக்காமல், தலையை மழித்துக்கொண்டு, வேலையைப் பார்ப்பதும் ஒரு முழுமையான தேர்வு. அப்படி முடிவெடுத்தவரிடம் தினமும் புதிது புதிதாக எண்ணெய் சிபாரிசு செய்யாதீர்கள்.

மறுபடி வந்தால்

புழுவெட்டு திரும்ப வரும் இயல்புடையது. வளர்ந்து முடித்த இடத்திலோ வேறிடத்திலோ, மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ வரலாம். அதைத் தடுக்க நிரூபிக்கப்பட்ட உணவோ எண்ணெயோ கிடையாது. எனவே மறுபடி ஒரு வட்டம் தெரிந்தால், எதை உண்டதால் வந்தது என்று தேடாதீர்கள். முன்பு பார்த்த மருத்துவரிடமே பழைய சீட்டுகளோடு போங்கள். சென்ற முறை எது பலன் தந்தது, எத்தனை மாதத்தில் தந்தது என்பதை வைத்து அவரால் விரைவில் முடிவெடுக்க முடியும். ஜேக் மாத்திரையில் இருக்கும்போதே புதிய வட்டம் வந்தால் மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். காய்ச்சல், நீடித்த இருமல், கால் வீக்கம், நெஞ்சு வலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.